மாதாவுக்கும் கடைக்காரனுக்கும்

என் வீட்டுக்காரர் வேளாங்கண்ணி மாதாவுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்ற அன்று, நான் முதலில் செய்தது அவர் வாயை முகர்ந்து பார்த்ததுதான்.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த நேரம். நான் என் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காவி வேட்டி, காவித் துண்டு, கழுத்தில் மரமணி ஜெபமாலை, அதன் நுனியில் சிலுவை, வெறுங்கால். வாசலில் நின்றவரை நன்கொடை வாங்க வந்த ஆள் என்றே ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அடையாளம் தெரிந்ததும் பக்கத்தில் போய் மூக்கை நீட்டினேன். பல்பொடி வாசனைதான் வந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"இன்னா பாக்குற?" என்றார்.

"இன்னாத்துக்கு இந்த வேஷம்?"

"வேஷம் இல்ல. வேண்டுதல்."

"இன்னா வேண்டுதல்?"

"வெளிய சொல்லக் கூடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கட்டிலை விட்டுத் தரையில் பாயைப் போட்டார்.

என் கணவர் குடிப்பவர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். நல்ல மனிதர், கைவேலை சுத்தம், என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து சாயங்கால வண்டியில் வந்து உரிகம் ஸ்டேஷனில் இறங்கினால், மைசூர் மைன்ஸில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் வரிசையில் இருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கு வருவதற்குள் வழியில் ஒரு வைன்ஷாப் இருக்கிறது. அவர் கால் அங்கே தானாகத் திரும்பும். அவர் வேலை செய்யும் மெஷின் ஷாப்பில் அந்த வருடம் இதுதான் கடைசி எச்சரிக்கை என்று சொல்லிவிட்டார்கள். கை நடுங்கும் ஆளை லேத்தின் முன்னால் நிற்க வைக்க யாருக்குத்தான் தைரியம் வரும்? நானும் என் பங்குக்கு ஒரு கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தேன். இன்னொரு தடவை குடித்துவிட்டு வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் போய்விடுவேன் என்று சொன்னேன். அங்கே ஒரு மருத்துவமனையில் பில்லிங் கவுண்டரில்தான் எனக்கு வேலை. சும்மா மிரட்டவில்லை. ரூம் பார்த்து வைத்திருந்தேன், அது அவருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில் மனுஷன் காவி கட்டிக்கொண்டு வந்து நின்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. என் காதில் பூ சுற்றுகிறார் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு இந்த வெளி அடையாளங்கள் எதிலும் நம்பிக்கை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது புராட்டஸ்டண்ட் குடும்பத்தில். எங்கள் சர்ச் சுரங்கம் ஓடிய காலத்தில் கட்டியது. உள்ளே சிலையாக ஒரு சுரூபம் கிடையாது, பூமாலை கிடையாது. சுவரில் ஒரு மரச் சிலுவை, ஒரு பிரசங்க மேடை, வரிசையாக பெஞ்சுகள், அவ்வளவுதான். ஜெபம் என்றால் அறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொள்வது. அதைத் தெருவுக்குக் கொண்டு வருகிறவனைக் கண்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு மாதிரி சிரிப்பு வரும். கத்தோலிக்கரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அவங்க வூட்ல சுரூபத்துக்கெல்லாம் மாலை போடுவாங்களாமே?" இப்போது சுரூபத்தைத் தாண்டி மருமகனுக்கே மாலை விழுந்துவிட்டது.

அதுவும் காவி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆகஸ்ட் பிறந்தால் ஒவ்வொரு லைனிலும் இரண்டு மூன்று பேர் கட்டியிருப்பார்கள். விரதம், வெறுங்கால், தரையில் படுக்கை. அப்புறம் கூட்டமாகக் கிளம்பி வேலூர், திருவண்ணாமலை வழியாக நடப்பார்கள். செப்டம்பர் திருவிழாவுக்குள் போய்ச் சேருவார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவரையும் மாதாவுக்கு மாலை போட்டவரையும் கடைத்தெருவில் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் நான் பார்த்துப் பழகியதுதான். அடுத்த வீட்டில் நடக்கும்வரை வழக்கம், என் வீட்டுக்குள் வந்ததும் நாடகம் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, என்ன செய்ய?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பேச்சு இதைப் பற்றியே வந்தது. என் மகள் பி.யூ. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ. அவள் வகுப்பில் ஒரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு வருவாள். வகுப்பில் அதற்கு அனுமதி இல்லாததால் காலேஜ் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள அறையில் அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவாள், சாயங்காலம் மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். கழற்றும்போது அவள் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள் என்று மகள் சொன்னாள்.

"எல்லாரும் எல்லாத்தையும் வூட்லயே வச்சிட்டு வந்தா வம்பே இல்ல," என்றேன் நான். "சாமி மனசுல இருந்தா போதாதா?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஞாயித்துக்கெழம வெள்ளப் பொடவ கட்டிகினு பைபிள கைல தூக்கிகினு போறியே. அத ஏன் பையில போட்டுகினு போறதில்ல?"

"கசங்கிடும்."

"ஜிப் வச்ச கவர் போட்ருக்க. எப்டிம்மா கசங்கும்?"

"சாப்புடு," என்றேன். அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு ரசம் சோற்றைப் பிசைந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்துவிட்டால் எனக்குப் பிடிவாதமான சளி மாதிரி, லேசில் விடாது. அவர் குளிக்கப் போனால் துண்டை எடுத்து முகர்ந்தேன். டிபன் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். காவித் துணிக்குள் பாட்டிலை ஒளித்துக்கொண்டு போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்து குடிக்கும் சாமிகளைப் பற்றி எதிர்வீட்டு அக்கா கதை கதையாகச் சொல்வாள். "நடைப்பயணம்னு போறாங்க, பாதிப் பேரு அங்க போயி ஆட்டம் போட்றாங்க. நீ எதுக்கும் உஷாரா இரு," என்றாள். நான் உஷாராகத்தான் இருந்தேன். வேறு பெண் யாராவது இருப்பாளோ, அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இவர் நேர்ந்துகொண்டிருப்பாரோ என்றுகூட ஒரு மத்தியானம் முழுவதும் கவுண்டரில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு நோயாளிக்குப் போட்ட பில்லைத் திருத்தி மறுபடி போட வேண்டியதாயிற்று.

ஒன்று மட்டும் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஷாப்பில் வேட்டியோடு நிற்க விடமாட்டார்கள். காவியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு யூனிஃபார்மும் ஷூவும் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி காவி. அங்கே கழற்றினால் மாதா கோபித்துக்கொள்ளவில்லையே, அப்படியானால் ரயிலிலும் பேண்ட் சட்டையில் வந்தால் என்ன? இதை அவரிடமே கேட்டேன். "ரயில்லதான் வேணும்," என்றார்.

பிறகுதான் ரயிலில் அந்தச் சம்பவம் நடந்தது.

காலை வண்டியில் நாங்கள் இருவரும் ஒரே பெட்டியில்தான் போவோம். எனக்கு சீட் கிடைத்துவிட்டது, அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பங்காருபேட்டையில் ஏறிய நான்கைந்து வாலிபர்கள் அவரைப் பார்த்தார்கள். முதலில் மரியாதையாகத்தான் வழிவிட்டார்கள். அப்புறம் ஒருவன் கண்ணில் ஜெபமாலையின் சிலுவை பட்டுவிட்டது.

"யாவ தேவரு அண்ணா?" என்று கன்னடத்தில் கேட்டான். எந்தச் சாமிக்கு என்று.

"வேளாங்கண்ணி தாயி," என்றார் இவர்.

"அவங்களுக்கு எதுக்கு இந்தக் கலரு? இது எங்களுது இல்லையா?" இதையும் கன்னடத்தில்தான் கேட்டான். குரல் உயரவில்லை, ஆனால் பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொருவன், "ஊரை ஏமாத்தி மதம் மாத்தறதுக்கா? இப்படிக் கட்டிக்கிட்டுப் போனாத்தான் வீட்டுக்குள்ள விடுவாங்கன்னா?" என்றான். மூன்றாமவன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

நான் எழுந்து போய் அவருக்கும் அந்தப் பையன்களுக்கும் நடுவில் நின்றேன். "அவர் என் வீட்டுக்காரர். மில்லு வேலைக்குப் போற ஆளு. எங்க ஊர்ல அப்பா தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் கட்டறாங்க," என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கொட்டினேன். மெஷின் ஷாப்பை மில் என்று சொன்னது பதற்றத்தில். என் நெற்றியில் பொட்டில்லாததையும் அவன் பார்த்தான். என்னையும் சேர்த்து ஒரு முறை மேலும் கீழும் அளந்துவிட்டு, "நிஜமா பக்தியா அண்ணா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டான்.

என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "விடுங்கப்பா, வேலைக்குப் போறவங்க," என்று சமாதானம் சொல்ல, வாலிபர்கள் அடுத்த ஸ்டேஷனில் வேறு பக்கம் நகர்ந்தார்கள்.

மாலூர் தாண்டியும் எனக்கு ஆறவில்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். இவர்கள் யார் கேட்பதற்கு? ஒருவர் பக்தியை அளக்க இவர்கள் கையில் என்ன முழக்கோலா இருக்கிறது? இப்படியெல்லாம் மனதுக்குள் கத்திக்கொண்டு வந்தவள், ஒயிட்ஃபீல்டில் இறங்கிப் படி ஏறும்போதுதான் யோசித்தேன். நிஜமா என்று அந்தப் பையன் கேட்டதைத்தானே நானும் வீட்டில் துண்டை முகர்ந்தும் பாட்டிலைத் திறந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன்? அவன் ஒரு தடவை கேட்டான், நான் தினமும் கேட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதற்காக என் சந்தேகம் போய்விடவும் இல்லை.

அன்று சாயங்காலம் கறாராகச் சொன்னேன். "நாளைலேர்ந்து பேண்ட்டு சட்ட போட்டுகினு வாங்க. ஜெபமால சட்டைக்குள்ள இருக்கட்டும். மாதாவுக்கு உள்ள இருக்கிறது தெரியாதா? ஊருக்கு எதுக்குக் காட்டணும்? வீடியோ எடுத்துகினு போயிருக்கான், நாளைக்கு எவன் எங்க நிறுத்துவானோ."

மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் அவர் காவியோடுதான் நின்றார். நான் சொன்ன எதையும் நேருக்கு நேர் தட்டாத மனுஷன் அவர். தப்பு செய்வதைக்கூட எனக்குத் தெரியாமல்தான் செய்வார். ரயிலில் அடி விழலாம் என்று தெரிந்தும் அவர் கழற்ற மறுக்கிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. பக்தி இல்லை. பக்தியாக இருந்தால் அந்தப் பையனுக்கு ஆமாம் என்று சொல்லியிருப்பார்.

அதனால் நான் செய்யக் கூடாது என்று நினைத்திருந்த ஒன்றைச் செய்தேன். அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவருக்கு முந்திய வண்டியில் வந்து உரிகத்தில் இறங்கி, நேராக அந்த வைன்ஷாப்புக்குப் போனேன். கம்பி வலைக்கு முன்னால் நின்றிருந்த ஆண்கள் என்னைப் பார்த்ததும் மளமளவென்று விலகினார்கள். யாருடைய வீட்டுக்காரியோ சண்டைக்கு வந்துவிட்டாள் என்று ஒருவன் மீதிக் காசைக்கூட வாங்காமல் போய்விட்டான். கவுண்டரில் இருந்தவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அவன் கடையிலிருந்து என் கணவரை நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

"அவரு வந்தாரா?" என்று கேட்டேன்.

"எவரு கா?"

"உனக்குத் தெரியும்."

அவன் பேனாவை மூடி வைத்தான். "வர்றாரு கா."

ஒயிட்ஃபீல்டு ரூமின் சாவியைக் கேட்டு போன் செய்யவேண்டும், மகளின் புத்தகங்களை எதில் கட்டுவது என்றெல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. பார்த்தாயா, நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று ஒரு அற்ப சந்தோஷமும் அதோடு சேர்ந்து வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"தெனமும் வர்றாரு," என்றான் அவன். "வந்து அதோ அங்க நிப்பாரு. மொத ரெண்டு நாளு கேக்கவும் கேட்டாரு. நான் குடுக்கலக்கா. மால போட்ருக்கீங்க சாமி, போங்கன்னு சொல்லிட்டேன். மால போட்டவங்களுக்கு வித்தா கடைக்கு ஆகாது. எங்க ஓனரும் ஸ்ட்ரிக்ட்டு. இங்க மட்டும் இல்ல, இந்த லைன்ல எந்தக் கடையிலயும் குடுக்க மாட்டாங்க. இப்பல்லாம் அவரு கேக்கறதில்ல. நிப்பாரு. யாராச்சும் வந்து, சாமி தள்ளிக்கோங்கன்னு சொன்னா அப்டியே போய்டுவாரு."

"கேட்டாரா?" என்றேன். எனக்கு அதுதான் மண்டையில் நின்றது.

"கேட்டாரு கா. ஒரு நாளு அழுதாரு."

நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா, யாருக்குச் சொல்ல வேண்டும், ஒன்றும் புரியவில்லை. விரதம் இருக்கிற மனுஷன் தினமும் கடை வாசலுக்குப் போகிறார் என்றால் அது என்ன விரதம்? சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் நான் சந்தேகப்பட்ட விஷயம் வேறு, அங்கே இருந்த விஷயம் வேறு.

அவர் வந்து கால் கழுவும்வரை பொறுத்திருந்தேன்.

"கடைக்குப் போயிருந்தேன்," என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"அழுதீங்களாமே."

அவர் துண்டால் காலைத் துடைத்தார்.

"உங்களுக்கு மாதா மேல நம்பிக்க இருக்குதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியல," என்றார். அவர் வாழ்க்கையில் எனக்குச் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். "இருக்கும்னுதான் நெனைக்கிறேன். காலைல இருக்குது. சாயங்காலம் ஸ்டேஷன் எறங்குனா போய்டுது."

"அப்ப இன்னாத்துக்கு இது? உள்ள இல்லாதத வெளிய காட்டுறது ஏமாத்து வேல இல்லையா?"

அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ சொன்ன, உள்ள போட்டுக்கோங்க, மாதாவுக்குத் தெரியும்னு. மாதாவுக்குத் தெரியும். கடைக்காரனுக்குத் தெரிய வேணாமா?"

இவ்வளவு வருடமாக நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்ட பிரசங்கத்தில் எதுவும் இதற்குப் பதிலாக நினைவுக்கு வரவில்லை. என்னால் அவரைத் தடுக்க முடியவில்லை, மெஷின் ஷாப்பின் எச்சரிக்கையால் முடியவில்லை, மகள் பேசாமல் இருந்து பார்த்தாள், அதாலும் முடியவில்லை. ஒரு முழம் காவித் துணியைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம், சாமி தள்ளிக்கோங்க, சாமி போங்க என்று ஊர் முழுக்க அவரைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் பையன்கள் கேள்வி கேட்டதையும் அதற்காகத்தான் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு கழற்றச் சொல்லவில்லை. ஆனால் நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. துணிக்கு இருக்கிற உறுதி மனுஷனுக்கு இல்லையே என்று பயம்தான் அதிகமாயிற்று. மாலை என்றால் ஒருநாள் கழற்றித்தானே ஆகவேண்டும்?

மாதக் கடைசியில் கூட்டத்தோடு நடக்கக் கிளம்பினார். தினமும் போன் வந்தது. பின்னால் பாட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம் கேட்கும். யார் யார் கூட இருக்கிறார்கள், எங்கே படுக்கிறீர்கள் என்று போலீஸ் மாதிரி விசாரிப்பேன். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "அப்பா, அம்மா கேக்கறத விடு, கால் எப்டி இருக்குது சொல்லு," என்பாள். கால் கொப்பளித்துப் புண்ணாகி, கொண்டுபோன இரண்டு காவி வேட்டியில் ஒன்றைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தார்.

திருவிழா முடிந்து எல்லோரும் பஸ்ஸில் திரும்பினார்கள். அழைத்துவர நானும் மகளும் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். இறங்கிய ஆண்கள் எல்லோரும் சட்டை, பேண்ட், காலில் புதுச் செருப்பு. மாதா கோயிலிலேயே மாலையைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு வருவதுதான் முறை. என் வீட்டுக்காரர் மட்டும் அழுக்கேறிய காவியோடு, ஜெபமாலையோடு, கடைசியாக இறங்கினார். கூட வந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையிலேயே வழியெல்லாம் இதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"கழட்ட முடியல," என்றார் என்னிடம். "வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு. வந்துட்டேன்." சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "இப்ப கழட்டட்டுமா?" என்று கேட்டார்.

நடுத்தெருவில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், என் சர்ச் ஆட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டே போக, "இருக்கட்டும்," என்றேன் நான். அவர் பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

மறுநாள் அந்த வேட்டியைத் துவைத்தேன். அத்தனை ஊர் மண்ணும் அதில் இருந்தது. காலையில் நல்ல வெயில் மாதிரி காட்டிவிட்டு, கொடியில் போட்ட பிறகு வானம் மூடிக்கொண்டது. தூறலும் காற்றுமாக மத்தியானம் போயிற்று. சனிக்கிழமை, அவருக்கு லீவு. லுங்கியைக் கட்டிக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிழிந்து உதறி இடம் மாற்றிப் போட்டேன். அயர்ன் பாக்ஸைப் போட்டால் கரண்ட் இல்லை. நான்கு மணிக்கு மேல் அவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தார்.

"தீப்பெட்டி வாங்கினு வரேன்," என்றார்.

அடுப்புப் பக்கத்தில் இரண்டு தீப்பெட்டி இருந்தது. அவர் பார்க்கிற மாதிரியே இருந்தது.

"உக்காருங்க," என்றேன். மகளை எழுப்பி வாசலில் உட்கார வைத்தேன். "அப்பா வெளிய போனா எனக்கு உடனே போன் போடு," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குப் போனேன்.

பூசைத் துணி விற்கும் கடையில் காவி வேட்டி கேட்டதும் கடைக்காரர் என் நெற்றியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "மாதா சீசன் முடிஞ்சிடுச்சேம்மா. ஐயப்பன் சரக்கு கார்த்திகைக்கு முன்னாடி வரும். அப்ப வாங்க, நல்ல குவாலிட்டி எடுக்கலாம்."

"இப்பவே வேணும்," என்றேன்.

"யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. இருக்கிறது எல்லாத்தையும் எடுங்க." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் வேறு கேள்வி கேட்காமல் உள்ளே போய்த் தேடி, மடிப்பு மங்கிப்போன மூன்று வேட்டிகளைக் கொண்டுவந்து போட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மகளிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. வீட்டுக்கு முன்னால் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வெறும் கொடிதான். வேட்டி அங்கே இல்லை. வாசலில் மகளும் இல்லை. போய்விட்டார், அதையும் கட்டிக்கொண்டா, அல்லது யாரும் பார்க்காமல் இருக்கச் சுருட்டி எறிந்துவிட்டா என்று நினைத்துக்கொண்டே செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

அவர் நாற்காலியில்தான் இருந்தார். கொடியிலிருந்து ஈர வேட்டியை எடுத்து அப்படியே கட்டியிருந்தார். ஈரத் துண்டு தோளில், ஜெபமாலை கழுத்தில். தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியிருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. மகள் ஒரு போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு, போர்த்தலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றாள்.

"இன்னாங்க இது," என்றேன்.

"காயற வரைக்கும் என்னால இருக்க முடியல," என்றார்.

நான் குடையைக் கீழே போட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.